பழைய சிந்தனையாளர்களின் எதிர்காலக் கணக்கு: எது நின்றது, எது எங்கே உடைந்தது?

கடந்த நூற்றாண்டுகளின் சிந்தனையாளர்கள் மனித குலத்தின் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள், அதில் எவ்வளவு உண்மையானது என்பது கேள்வி.

"நடந்தது, நடக்கவில்லை" என்று ஒரு பட்டியல் போடுவது எளிது. ஆனால் அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. இவர்களில் நல்லவர்கள் யாரும் வெறுமனே ஆரூடம் சொல்லவில்லை. கையில் இருந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டார்கள், அது எவ்வளவு வேகமாக வளரும் என்று பார்த்தார்கள், சில விஷயங்கள் மாறாது என்று வைத்துக்கொண்டார்கள், அதன் பிறகுதான் முடிவைச் சொன்னார்கள். எனவே கணக்கு எந்தப் படியில் உடைந்தது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை. அப்படிப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. கருவிகளையும் உற்பத்தியையும் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரியாகவே வந்தது. மக்கள் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்வார்கள் என்பதையும், விளைந்த பலன் தானாகவே எல்லோருக்கும் பங்காகிவிடாது என்பதையும்தான் பலர் தவறவிட்டார்கள். இந்த இரண்டையும் கவனித்தவர் இந்த வரிசையிலேயே மிகப் பழையவர் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

அவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொந்தோர்சே. 1793 ஜூலையில் புரட்சி அரசு அவரைக் கைது செய்ய உத்தரவிட்டது. பாரிசில் ஒரு வீட்டில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தபடி, மனித அறிவின் முன்னேற்றம் பற்றிய வரலாற்றுச் சுருக்கம் ஒன்றை எழுதினார். 1794 மார்ச் கடைசியில் வெளியேறியபோது பிடிபட்டு, சில நாட்களுக்குள் சிறையில் இறந்தார். நூல் 1795இல் அச்சானது. அதில் பத்துக் காலகட்டங்கள் உண்டு. ஒன்பது நடந்து முடிந்தவை, பத்தாவது வரப்போவது.

அந்தப் பத்தாவது பகுதியில் அவர் சொன்னவற்றை 1790களின் உலகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். குடியேற்ற நாடுகள் விடுதலை பெறும் என்றார். அடிமை முறை ஒழியும் என்றார். அதற்கு ஒரு பொருளாதார வழியையும் காட்டினார். கரும்பை ஆப்பிரிக்காவிலேயே சுதந்திரமான உழைப்பாளிகள் பயிரிட்டால் கரீபியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களுக்கு வேலை இல்லாமல் போகும் என்பது அவர் கணக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிமையில் வேறுபாடு இருக்க நியாயமே இல்லை என்றார். இதே கருத்தை 1790இலேயே தனிக் கட்டுரையாக எழுதியிருந்தார். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை சட்டமானது 1944இல். கருத்து சரி, அது நடக்க எடுத்த காலம் ஒன்றரை நூற்றாண்டு.

இதைவிட முக்கியமானது அவர் சமத்துவத்துக்குச் சொன்ன வழிமுறை. உழைப்பை மட்டும் நம்பி வாழும் குடும்பத்தில் சம்பாதிப்பவர் மூப்படைந்தாலோ இறந்தாலோ குடும்பமே சாய்ந்துவிடுகிறது. இதற்கு அவர் தர்மத்தை மருந்தாகச் சொல்லவில்லை, நிகழ்தகவைச் சொன்னார். பலர் சிறுகச் சிறுகப் பொது நிதியில் போடட்டும். இளம் வயதில் இறந்துபோகிறவர்களின் பங்கும் வட்டியும், நீண்ட நாள் வாழ்கிறவர்களின் முதுமைக்கு உதவும். ஒருவர் எப்போது இறப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேரில் எத்தனை பேர் எழுபதைத் தொடுவார்கள் என்று சொல்ல முடியும். இன்றைய ஓய்வூதியத் திட்டங்களுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் அடிப்படை இதுதான். ஜெர்மனி முதியோர் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது 1889இல், பிரிட்டன் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது 1908இல். "சமத்துவம் வரும்" என்று நம்பியதோடு நிற்காமல், எந்தக் குழாய் வழியாக வரும் என்றும் வரைந்து காட்டியதால்தான் அவரை மற்றவர்களுக்கு மேலே வைக்கிறேன்.

அவர் எங்கே சறுக்கினார்? ஆயுளில், அதுவும் பாதிதான். மருத்துவமும் உணவும் வீடும் மேம்பட்டால் மனிதரின் சராசரி ஆயுள் எல்லை சொல்ல முடியாதபடி நீண்டுகொண்டே போகும் என்றார். சாவே இல்லாமல் போகும் என்று அவர் சொல்லவில்லை. இதைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். சராசரியைப் பொறுத்தவரை அவர் சொன்னது நடந்தது. 1800 வாக்கில் உலகச் சராசரி ஆயுள் முப்பது வயதை ஒட்டி இருந்தது. இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் இந்த உயர்வின் பெரும்பகுதி குழந்தைச் சாவு குறைந்ததால் வந்தது. உச்ச வயது அப்படி நகரவில்லை. பதிவில் உள்ள மிக நீண்ட ஆயுள் பிரான்சின் ழான் கல்மாவுடையது: 1875இல் பிறந்து 1997இல் இறந்தார், 122 வயது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தாண்டியதாக உறுதியான பதிவு இல்லை.

இந்த இடத்தைத்தான் ஆங்கிலேயப் பொருளியலாளர் தாமஸ் மால்தஸ் பிடித்துக்கொண்டார். 1798இல் பெயர் போடாமல் வெளியிட்ட மக்கள்தொகைக் கட்டுரையில் இரண்டு அத்தியாயங்களைக் கொந்தோர்சேவுக்குப் பதிலாகவே எழுதினார். எல்லை எங்கே என்று தெரியாததால் எல்லையே இல்லை என்று ஆகாது என்பது அவர் வாதம். லெஸ்டர்ஷயர் செம்மறிகளை உதாரணம் காட்டினார்: சிறிய தலையும் சிறிய காலும் வரும்படி எத்தனை தலைமுறை பொறுக்கி வளர்த்தாலும், தலையும் காலும் மறைந்துபோகும் நிலை வராது. உச்ச ஆயுள் விஷயத்தில் இதுவரை மால்தஸ் பக்கமே காற்று வீசுகிறது.

ஆனால் மால்தஸின் புகழ்பெற்ற முதன்மைக் கணக்கு வேறு. மக்கள்தொகை பெருக்குத் தொடராக 1, 2, 4, 8 என்று ஏறும். உணவு கூட்டுத் தொடராக 1, 2, 3, 4 என்று ஏறும். இரட்டிப்பாக 25 ஆண்டு போதும். பிரிட்டன் தீவின் மக்கள்தொகையை 70 லட்சம் என்று வைத்துக்கொண்டார். 25 ஆண்டில் 1.4 கோடிப் பேர், அத்தனை பேருக்கும் உணவு. 50 ஆண்டில் 2.8 கோடிப் பேர், உணவு 2.1 கோடிப் பேருக்கு. 75 ஆண்டில் 5.6 கோடிப் பேர், உணவு 2.8 கோடிப் பேருக்கு. நூறு ஆண்டு முடிவில் 11.2 கோடிப் பேர், உணவு 3.5 கோடிப் பேருக்கு மட்டும். மீதி 7.7 கோடிப் பேருக்குச் சோறு இல்லை.

ஒவ்வொரு படியாகச் சோதிப்போம். தொடக்க எண்ணே தவறு. மூன்றே ஆண்டு கழித்து 1801இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தத் தீவில் ஏறத்தாழ 1.05 கோடிப் பேர் இருந்தார்கள். ஆனால் இது சிறிய பிழை; இதைத் திருத்தினாலும் வாதம் குலையாது. 25 ஆண்டில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 2.8 சதவீத வளர்ச்சி. நிலம் தாராளமாகக் கிடந்த வட அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து இந்த வீதத்தை எடுத்தார். உலக மக்கள்தொகை மிக வேகமாக வளர்ந்த 1960களின் பிற்பகுதியிலேயே வளர்ச்சி 2.1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. 1901இல் பிரிட்டன் தீவில் சுமார் 3.7 கோடிப் பேர் இருந்தார்கள், 11.2 கோடி அல்ல. அதற்குள் உணவை இறக்குமதி செய்யும் வழியும் திறந்திருந்தது. பிறகு காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து, செயற்கை உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவைச் செய்யும் முறையை ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் 1909இல் ஆய்வகத்தில் காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலையில் அது தொழிலானது. உணவு கூட்டுத் தொடராகத்தான் ஏறும் என்ற அனுமானம் அங்கே சிதறியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய உடைப்பு குடும்பத்துக்குள் நடந்தது. வசதி கூடினால் பிள்ளைகளும் கூடுவார்கள் என்று மால்தஸ் எண்ணினார். நடந்தது நேர் எதிர். குழந்தைகள் பிழைக்கத் தொடங்கி, பெண்கள் படிக்கத் தொடங்கியதும் பிறப்பு விகிதம் சரிந்தது. 1960களில் உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள். இன்று இரண்டேகால் அளவில் நிற்கிறது. மால்தஸுக்கு முன்பே கொந்தோர்சே இதைத் தொட்டிருந்தார். மக்கள்தொகை உணவை மிஞ்சும் நாள் வந்தாலும், அதற்குள் மனிதர்களுக்கு விவேகம் வந்திருக்கும். இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது வெறும் உயிரை அல்ல, நல்வாழ்வை என்று உணர்ந்து அளவாகப் பெறுவார்கள் என்று எழுதினார். தலைமறைவாக இருந்தவர் எழுதிய அந்தப் பத்தி, அமைதியாக அமர்ந்து எழுதியவரின் எண் அட்டவணையைவிட உண்மைக்கு அருகில் நின்றது.

வளர்ச்சி வீதத்தை அப்படியே நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இல் எழுதிய நிலக்கரிக் கணக்கு. 1861இல் பிரிட்டன் 8.36 கோடி டன் நிலக்கரி வெட்டியது, ஆண்டுக்கு 3.5 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. இதே வேகம் நூறு ஆண்டு தொடர்ந்தால் 1961இல் ஆண்டுக்கு 260.7 கோடி டன் வேண்டும். கால்குலேட்டரில் 1.035ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள். 31 மடங்கு வரும், கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பிரிட்டனின் உற்பத்தி 1913இல் 28.7 கோடி டன்னில் உச்சம் தொட்டு இறங்கியது. 1961இல் 20 கோடிக்கும் கீழே. பெட்ரோலியத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை. ஆனாலும் அவரை ஒதுக்கிவிட முடியாது. இயந்திரம் சிக்கனமானால் எரிபொருள் மிச்சமாகும் என்று எல்லோரும் சொன்னபோது, இல்லை, அது மலிவாகி இன்னும் பல இடங்களில் புகுந்து மொத்தச் செலவு கூடும் என்றார். மின்விளக்கு முதல் தரவு மையம் வரை இன்றும் அந்த வாதத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். 1930இல், உலகப் பொருளாதாரம் சரிந்த பெருமந்தம் தொடங்கிவிட்ட நேரத்தில், பேரப்பிள்ளைகளின் பொருளாதாரம் எப்படியிருக்கும் என்று ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதிகம் மேற்கோள் காட்டப்படுவதும், அதே அளவு தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான்.

அவர் சொன்னது இவ்வளவு: மூலதனம் ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் நூறு ஆண்டில் சுமார் ஏழரை மடங்காகும். (சரியாகப் போட்டால் 7.24.) முன்னேறிய நாடுகளில் வாழ்க்கைத் தரம் 2030 வாக்கில் நான்கு முதல் எட்டு மடங்கு உயர்ந்திருக்கும். அப்போது வயிற்றுப்பாடு மனித குலத்தின் நிரந்தரப் பிரச்சினையாக இருக்காது. பழக்கம் விடாது என்பதால் இருக்கும் வேலையைப் பகிர்ந்துகொள்ள நாளுக்கு மூன்று மணி, வாரத்துக்கு 15 மணி போதும்.

முதல் பகுதியைப் பாருங்கள். நான்கு மடங்கு என்றால் ஆண்டுக்கு 1.4 சதவீதம், எட்டு மடங்கு என்றால் 2.1 சதவீதம். பெரிய போர் வரக்கூடாது, மக்கள்தொகை பெரிதாகப் பெருகக்கூடாது என்று நிபந்தனையும் போட்டிருந்தார். ஒன்பதே ஆண்டில் உலகப்போர் வந்தது. அதையும் தாண்டி பிரிட்டனின் தலைக்கு உற்பத்தி 1930இலிருந்து நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. பெருமந்தத்தின் இருட்டில் நின்றுகொண்டு இப்படி ஒரு எண்ணைச் சொல்லி, அது சரியாக வந்திருப்பது எளிய விஷயம் அல்ல. அடுத்த பகுதிதான் வரவில்லை. முழுநேர வேலை இன்றும் வாரத்துக்கு 35 மணிக்கு மேல்.

காரணம் ஒன்றல்ல. தேவைகளை அவரே இரண்டாகப் பிரித்தார்: அடுத்தவர் எப்படி இருந்தாலும் நமக்கு வேண்டியவை, அடுத்தவரைவிட உயர்ந்து நிற்க வேண்டியவை. இரண்டாவது வகைக்கு நிறைவே இல்லை என்றும் சொன்னார். ஆனால் அது எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று கணக்கில் சேர்க்கவில்லை. நகரத்தின் நல்ல பகுதியில் வீடு, நல்ல பள்ளியில் இடம் ஆகியவை உற்பத்தி ஐந்து மடங்கானாலும் ஐந்து மடங்காவதில்லை. எல்லோருடைய வருமானமும் ஏறும்போது இவற்றின் விலையும் சேர்ந்தே ஏறுகிறது.

இன்னொன்று, சராசரியை வைத்துப் பேசினார். கூடுதல் உற்பத்தி முதலாளிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்ற கேள்வி அந்தக் கட்டுரையில் கிட்டத்தட்ட இல்லை. வேலையைப் பகிர்ந்துகொள்வோம் என்று எழுதினார். யார் பகிர்ந்து கொடுப்பது? ஒருவரை 40 மணி வைத்துக்கொள்வதைவிட இருவரை 20 மணி வைத்துக்கொள்வது நிறுவனத்துக்குச் செலவு, ஏனென்றால் பயிற்சியும் காப்பீடும் தலைக்கு இவ்வளவு என்று வருகின்றன. எட்டு மணி வேலைநாள் தொழிற்சங்கங்களும் சட்டமும் போராடிப் பெற்றது. கூட்டுவட்டி அதைக் கொண்டுவரவில்லை.

ஓய்வு வரவே இல்லை என்று சொல்வதும் தவறு. அது வாரத்துக்குள் வராமல் வாழ்நாளின் இரு முனைகளுக்குப் போனது. 1930 பிரிட்டனில் பள்ளிக் கட்டாயம் 14 வயதோடு முடிந்தது, ஓய்வூதியம் 65இல், சராசரி ஆயுள் அறுபதை ஒட்டி. இன்று படிப்பு இருபதைத் தாண்டுகிறது, ஓய்வுக்குப் பிறகு பலருக்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் இருக்கின்றன. கெய்ன்ஸ் தவறு என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இயற்பியலை நம்பிச் சொன்னவர்களின் கதை வேறு. ருஷ்யாவின் கலூகா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த, காது சரியாகக் கேளாத சியால்கோவ்ஸ்கி 1903இல் ராக்கெட் சமன்பாட்டை வெளியிட்டார். ராக்கெட் எட்டும் வேகம், வெளியேறும் வாயுவின் வேகத்தையும், எரிபொருளோடு உள்ள எடைக்கும் எரிந்து தீர்ந்த பின் உள்ள எடைக்கும் இடையிலான விகிதத்தின் மடக்கையையும் பொறுத்தது. சுற்றுப்பாதைக்கு இழப்புகளையும் சேர்த்து நொடிக்கு 9.4 கி.மீ. வேண்டும் என்று வைத்து, வாயு வேகம் 4.4 கி.மீ. என்று போட்டால் எடை விகிதம் 8.5 வரும். அதாவது தரையில் நிற்கும் எடையில் 88 சதவீதம் எரிபொருள். திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வேண்டும் என்று அவர் அப்போதே சொன்னதும், பின்னால் அடுக்கு ராக்கெட்டை முன்வைத்ததும் இந்தக் கணக்கின் கட்டாயம். இயற்கை விதி மனிதரின் விருப்பத்தைப் போல மாறாது, ஆகவே கணக்கு நின்றது.

அங்கேயும் பிழைக்கு இடம் உண்டு. பின்னாளில் இலங்கையில் குடியேறிக் கொழும்பில் மறைந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1945 அக்டோபரில் பூமத்திய ரேகைக்கு மேலே, பூமி மையத்திலிருந்து 42,000 கி.மீ. தொலைவில் மூன்று விண்வெளி நிலையங்கள் போதும், உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதினார். பாதை சரி, எண்ணிக்கை சரி. ஆனால் அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்று நினைத்தார். அன்றைய வானொலிக் கருவிகளின் கண்ணாடி வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும், மாற்ற ஆள் வேண்டும் என்பது அன்றைய நடைமுறை அறிவு. 1947 டிசம்பரில் வால்வின் வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த ஆட்களுக்கு வேலை இல்லாமல் போனது. அரை நூற்றாண்டு ஆகலாம் என்று அவர் எண்ணியது 19 ஆண்டில் நடந்தது: 1964இல் ஏவிய சின்காம் 3 செயற்கைக்கோள் டோக்கியோ ஒலிம்பிக்கை ஒளிபரப்ப உதவியது.

உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1923இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையும் இந்த வகைதான். நிலக்கரி தீர்ந்த பிறகு இங்கிலாந்து முழுவதும் காற்றாலைகள் நிற்கும், காற்று அதிகம் வீசும் நாளில் மிஞ்சும் மின்சாரம் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் செய்யும், அதைத் திரவமாக்கி நிலத்தடித் தொட்டிகளில் வைத்துக் காற்றில்லாத நாளில் எரிப்பார்கள் என்றார். இதற்கு அவர் கொடுத்த கெடு நானூறு ஆண்டு. கருப்பைக்கு வெளியே முழுதாக வளரும் குழந்தைக்கு அவர் குறித்த ஆண்டு 1951. அது இன்னும் வரவில்லை. உடலுக்கு வெளியே கருத்தரித்த முதல் குழந்தை 1978 ஜூலையில் பிறந்தது. எது வரும் என்பதைவிட எப்போது வரும் என்பதில்தான் இவர்கள் அதிகம் தவறினார்கள். சிலசமயம் முந்தி, சிலசமயம் பிந்தி.

தமிழில் இந்த வகைக்கு உண்மையான உதாரணம் பெரியாரின் 'இனிவரும் உலகம்', 1940களில் வந்தது. ஆளுக்கு ஆள் சட்டைப்பையில் கம்பியில்லாத் தந்திக் கருவி, முகம் பார்த்துப் பேசும் வசதி, ஓரிடத்தில் இருந்தபடியே பல இடங்களில் உள்ளவர்களுக்குப் பாடம் நடத்துவது, பெட்ரோலுக்குப் பதில் மின்சாரத்தில் ஓடும் கார், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளைப்பேறு எல்லாம் அதில் உண்டு. மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதும் இவைதான். வராதவையும் உண்டு: ஒரு டன் கார் ஓர் அந்தர் எடைக்கு, அதாவது சுமார் 50 கிலோவுக்கு வரலாம் என்றார், பாதுகாப்பு விதிகளும் மின்கலமும் சேர்ந்து இன்று காரை இன்னும் கனமாக்கியிருக்கின்றன. ஒரு வாரத்து உணவு சிறு குப்பிக்குள் அடங்கவில்லை. உடலுக்கு வேண்டிய கலோரிக்கு இவ்வளவு எடை என்பது வேதியியலின் கணக்கு, அதைச் சுருக்க முடியாது.

ஆனால் அந்தச் சிறு நூலின் மையம் கருவிகள் அல்ல. பணமும் மேல் கீழும் இல்லாத வாழ்வு, நாளுக்கு ஒன்றிரண்டு மணி உழைப்பு, பிள்ளைப்பேற்றின் சுமையிலிருந்து பெண்ணுக்கு விடுதலை ஆகியவைதான் அதன் உயிர். கெய்ன்ஸும் பெரியாரும் ஏறக்குறைய ஒரே வேலைநேரத்துக்கு வந்து சேர்கிறார்கள், வழி வேறு. கெய்ன்ஸ் வளர்ச்சி கொண்டுவரும் என்றார். பெரியார் பங்கீட்டை மாற்றினால்தான் வரும் என்றார். கொந்தோர்சேவின் பக்கத்தில் வைக்க வேண்டியவர் அவர்.

நேரடியாகப் படிக்க விரும்பினால், கெய்ன்ஸின் கட்டுரையில் தொடங்குங்கள், ஒரே அமர்வில் முடியும். கொந்தோர்சேவில் பத்தாவது காலகட்டம் மட்டும் போதும். மால்தஸை 1798இன் முதல் பதிப்பில் படியுங்கள்: 70 லட்சக் கணக்கு இரண்டாம் அத்தியாயத்தில், கொந்தோர்சேவுக்கான பதில் எட்டிலும் ஒன்பதிலும். பின்னால் வந்த பதிப்புகளில் அவரே நிறைய மாற்றிவிட்டார், மேற்கோள்கள் அங்கே குழம்பும். பெரியார் நூலைச் செய்தித்தாள் துணுக்குகளில் பார்க்காமல் முழுதாகப் படியுங்கள். துணுக்குகளில் சட்டைப்பைக் கருவி இருக்கும், வேலைநேரமும் பங்கீடும் இருக்காது.